கலிவரதனுக்கு என்ன ஆச்சு

ஒன்பது எறிந்து இரண்டு.
போன ஞாயிறு பத்துக்கு மூன்று.
சிகரெட் அட்டையின் உட்புறத்தில்
எழுதி வைத்திருக்கிறான் அந்துவான்.

முன்பெல்லாம் யாரும் எழுதியதில்லை.
காது போதும்.
குருசுக்குப்பத்தில் இரும்பை இரும்பு அடித்தால்
ணங்கென்று வைத்திக்குப்பம் வரை போகும்.
வலை பிரிக்கிறவர்கள் தலை நிமிராமலே சொல்வார்கள்,
"கலிவரதன்."

பெத்தாங் ஆட்டத்தில்
குறிக்கட்டையை ஒட்டிப் படுத்திருக்கும்
எதிராளியின் குண்டை
எட்டு மீட்டர் தள்ளி நின்று தூக்கியடிப்பான்.
அது கிடந்த பள்ளத்திலேயே
தன் குண்டை உட்கார வைப்பான்,
பஸ்ஸில் ஒருவனை எழுப்பிவிட்டு
சூடு ஆறுவதற்குள் உட்கார்கிற மாதிரி.

இந்த வருடம் மணல்தான் அடி வாங்குகிறது.

"சர்க்கரை" என்றார் மருந்துக்கடை ஜெயவேலு.
"விரல்நுனி மரத்துப்போனா
குண்டு எப்ப கைய விட்டுச்சுன்னு
கைக்கே தெரியாது."
சொல்லிவிட்டுத் தன் விரல்களை
ஒவ்வொன்றாகக் கிள்ளிப் பார்த்துக்கொண்டார்.

"கண்ணுதாங்க. போன வாரம் என்னப் பாத்து
எந் தம்பி பேரச் சொல்லிக் கூப்புட்டான்."
"ஒங்கம்மாவே அப்பிடித்தான் கூப்புட்டுச்சு பிச்சாண்டி,
அதை விடு."

சாரத்தில் சீட்டு கட்டி
மூணு லட்சம் போனதாம்.
தூங்காதவன் கையில் குறி நிற்குமா?
இது ஆட்டோ வீரராகு.
அதே சீட்டில் இவனுக்கும் ஒன்றேகால் போனது.
இவன் ஆட்டோ நேராகத்தான் ஓடுகிறது என்றோம்.
"நீங்க ஏறிப் பாத்தீங்களா?" என்றான்.

பென்ஷன் வாங்கும் சொல்தா திவ்வியநாதன்
கைத்தடியால் தரையைத் தட்டினார்.
"குண்ட மாத்தினான் பாரு, அன்னையோட போச்சு.
மகன் துலூஸ்லேர்ந்து அனுப்பினது.
மூஞ்சி பாத்து மீச வெட்டலாம், அவ்ளோ பளபளப்பு.
பழசு அவன் உள்ளங்கைக்குத் தேஞ்சிருந்துச்சு.
மகன் மனசு கோணக்கூடாதுன்னு
இதப் போட்டுத் தோக்குறான்."

இதற்குக் கொஞ்ச நேரம் யாரும் பதில் சொல்லவில்லை.

சுண்டல் விற்கும் அமிர்தவல்லிதான்
பொட்டலம் மடித்தபடியே சொன்னாள்:
"எல்லாரும் அவரையே பாக்குறீங்க.
எதிராட்டக்காரனப் பாத்தீங்களா?
எட்டுல கட்டய போட்ட பசங்க
இப்ப பத்துல போடுறானுங்க.
அவருக்கு எட்டுல என்ன கொறஞ்சுபோச்சு?"

நான் ஒன்று பார்த்திருந்தேன், சொல்லவில்லை.
அவன் பைக்குள் ஒரு காந்தம்.
மீட்டர் நீளக் கயிறு கட்டியது,
குனியாமல் குண்டெடுக்க.

அவன் வருவதற்குள் அந்துவான்
காலால் வட்டம் கிழித்தான்,
ஒரு முழம் முன்னால்.
பார்த்தோம். பார்க்காதது போல
சுண்டலில் மாங்காய்த் துண்டு தேடினோம்.

ஆறு மணிக்கு வந்தான்.
வட்டத்துக்குள் நின்றான்.
குறியைப் பார்த்தான்,
பிறகு எங்களை,
ஒவ்வொருத்தராக, அவசரமில்லாமல்.
செருப்பால் அந்த வட்டத்தைத் தேய்த்து அழித்தான்.
பின்னால் போனான். முழம் தாண்டியும் போனான்.
பத்து மீட்டர் இருக்கும்.
பெருவிரலால் புதிதாக ஒன்று போட்டுக்கொண்டான்.

கை பின்னால் போய் வந்தது
பழைய கையாகவேதான்.
குண்டு ஏறியது, உச்சியில் கொஞ்சம் நின்றது,
எங்களில் ஏழு பேர் மூச்சும் அங்கேதான் நின்றது.

தொப்.

"காத்து" என்றார் ஜெயவேலு.
"ஆமா, கடக்காத்து" என்றார் சொல்தா.
பாதாம் மரத்தில் ஒரு இலை அசையவில்லை.

எடுத்துத் தர ஓடிய பையனை
வேண்டாமென்று கையால் நிறுத்திவிட்டு
அவனே நடந்தான்,
கயிற்றை விட்டுவிட்டு இறக்கினான்.

டிக்.

அன்று மாலை முழுக்க
இரும்பில் இரும்பு பட்டுக் கேட்டது
அது ஒன்றுதான்.
அந்துவான் அட்டையை எடுத்தான்,
எந்தப் பக்கம் எழுதுவதென்று தெரியாமல்
காதில் பென்சிலைச் செருகிக்கொண்டான்.